ஸ்லோ சைக்கிள் ரேஸ் மட்டும் போதுமா?

14 கிலோமீட்டர். நம்ம ஊர்ல இந்த நம்பரை யார்கிட்ட சொன்னாலும் விளக்கம் தேவையில்லை. கிரிவலப் பாதையோட நீளம். நடந்தா நாலு மணி நேரம் பக்கத்துல ஆகும். பௌர்ணமி கூட்டத்துல மாட்டினா அதுக்கும் மேல.

இப்போ ஒரு சின்ன கணக்கு. 2016 அக்டோபர்ல கத்தார் தலைநகர் தோஹாவில் உலக ரோட் சைக்கிளிங் சாம்பியன்ஷிப் நடந்தது. அதுல டைம் ட்ரையல்னு ஒரு போட்டி உண்டு. ஒவ்வொருத்தரா தனித்தனியா கிளம்பி, கடிகாரத்தோட மட்டும் மோதணும். ஆண்களுக்கான தூரம் 40 கிலோமீட்டர். ஜெர்மனியோட டோனி மார்ட்டின் அதை 45 நிமிஷத்துக்குள்ள முடிச்சு தங்கம் வாங்கினார். அதே வேகத்துல அவர் நம்ம மலையைச் சுத்தினா 16 நிமிஷம்தான். இந்திர லிங்கத்துகிட்ட நாம டீ வாங்கும்போது கிளம்பினார்னா, டீ குடிச்சு முடிச்சு சில்லறை வாங்கி ரெண்டு பேச்சு பேசுறதுக்குள்ள ஈசான்ய லிங்கத்தைத் தாண்டியிருப்பார்.

அன்னைக்கு அதே ரோட்டுல இந்திய ஜெர்ஸி போட்டுக்கிட்டு ரெண்டு பேர் ஓட்டினாங்க. ஒருத்தர் அரவிந்த் பன்வார். இன்னொருத்தர் நவீன் ஜான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் நவீன் ஜானைப் பத்தினது. காரணம், அவர் நம்ம ஜாதி. அதாவது எஞ்சினியர்.

நான் சொல்ல வர்ற விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். சைக்கிள் ரேஸரை உருவாக்குறது விலை உயர்ந்த சைக்கிளும் இல்ல, பிறவித் திறமையும் இல்ல, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வர்ற மோட்டிவேஷன் வீடியோவும் இல்ல. வருஷத்துக்கு எத்தனை நாள் ரேஸ் நடக்குதுங்கிறதுதான். நம்ம காலேஜ்கள்ல அந்த எண்ணிக்கை பூஜ்ஜியம். ஸ்போர்ட்ஸ் டே லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க. சைக்கிள்னு ஒரு ஐட்டம் இருந்தா அது 'ஸ்லோ சைக்கிள் ரேஸ்'. கடைசியா வர்றவங்களுக்கு முதல் பரிசு.

ஒரு எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரோட கதை

நவீன் ஜான் குவைத்துல வளர்ந்தவர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படித்தார். சின்ன வயசுலயே அகாடமியில சேர்த்து வளர்த்த பையன் கிடையாது. சைக்கிள் ரேஸ் அவர் வாழ்க்கைக்குள்ள வந்ததே காலேஜ் போன பிறகுதான். அங்க மாணவர்களே நடத்துற சைக்கிள் கிளப் இருந்தது. பக்கத்துப் பல்கலைக்கழகங்களோட வார இறுதியில ரேஸ் இருந்தது. புதுசா வர்றவங்க புதுசா வர்றவங்களோடயும், தேறினவங்க தேறினவங்களோடயும் மோதுற மாதிரி ஏ, பி, சி, டின்னு பிரிவுகள் இருந்தன. டி பிரிவுல தடுமாறி விழுந்து ஆரம்பிக்கிற ஒருத்தர் ரெண்டு மூணு வருஷத்துல ஏ பிரிவுக்கு வர வழி இருந்தது.

பிறகு இந்தியா வந்து பெங்களூரைத் தளமா வெச்சு முழு நேரமா பயிற்சி எடுத்தார். தேசிய டைம் ட்ரையல் பட்டத்தை ஒரு தடவைக்கு மேல ஜெயிச்சார். 2016-ல் ஆஸ்திரேலியாவின் ஸ்டேட் ஆஃப் மேட்டர் மாப் அணியில் சேர்ந்து, அந்த நாட்டோட நேஷனல் ரோட் சீரிஸ்ல ஓட்டினார். அதே வருஷக் கடைசியிலதான் தோஹா.

இதைப் படிச்சா 'விடாமுயற்சி வெற்றி தரும்'னு ஒரு போஸ்டர் ரெடி பண்ணத் தோணும். எனக்கு வேற ஒரு கேள்விதான் வந்துச்சு. தேசிய சாம்பியன் ஆன ஒருத்தர் ஏன் ஆஸ்திரேலியா போய் அங்க உள்நாட்டு ரேஸ்ல ஓட்டணும்? இங்கயே இருந்து பயிற்சி எடுத்தா ஆகாதா?

ஆகாது. அதுக்கான காரணம் நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புக்லயே இருக்கு.

தனியா கத்துக்க முடிஞ்சது, முடியாதது

சமதள ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகத்துல போற சைக்கிள்காரருக்கு மிகப் பெரிய எதிரி காற்று. காற்றுத் தடை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அதை மீறிப் போகத் தேவையான பவர், வேகத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 40-லிருந்து 44-க்குப் போகணும்னா வேகம் பத்து சதவீதம்தான் கூடுது, ஆனா காற்றுக்கு எதிரா கொடுக்க வேண்டிய பவர் 33 சதவீதம் கூடுது. 1.1-ஐ மூணு தடவை பெருக்கிப் பாருங்க.

டைம் ட்ரையல்ங்கிறது இந்தச் சமன்பாட்டை நேருக்கு நேரா சந்திக்கிறது. பெடல்ல பவர் மீட்டர் மாட்டி எத்தனை வாட்ஸ் போடறோம்னு அளக்கலாம். உடம்பை எப்படி மடக்கி உட்கார்ந்தா காற்று குறையும்னு சோதிச்சுப் பார்க்கலாம். எவ்வளவு தூக்கம், எவ்வளவு சாப்பாடு, எந்த வாரம் எவ்வளவு பயிற்சின்னு ஸ்ப்ரெட்ஷீட் போடலாம். ஒரு எஞ்சினியருக்கு இதைவிட ஏத்த விளையாட்டு கிடையாது. ஊர்ல வேற யாரும் ரேஸ் ஓட்டாட்டியும், தனி ஆளா இருந்து இதுல உலக சாம்பியன்ஷிப் வாசல் வரைக்கும் போகலாம். நவீன் ஜான் போயிருக்கார்.

ஆனா ரோட் ரேஸ் வேற. அங்க எல்லாரும் ஒண்ணா கிளம்புவாங்க. முன்னால போறவர் காற்றைக் கிழிப்பார், பின்னால ஒட்டிக்கிட்டுப் போறவருக்கு அது மிச்சம். எவ்வளவு மிச்சம்? 2018-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கன் குழு, 121 பேர் கொண்ட ஒரு சைக்கிள் கூட்டத்தைக் கம்ப்யூட்டர் சிமுலேஷன்லயும் காற்றுச் சுரங்கத்துலயும் வெச்சு ஆராய்ந்தது. கூட்டத்தோட நடுவுல பின்பக்கமா இருக்கிறவருக்குக் காற்றுத் தடை, தனியா போறவருக்கு இருக்கிறதுல 5-லிருந்து 10 சதவீதம்தான்னு கண்டுபிடிச்சாங்க. மத்தவங்க உயிரைக் கொடுத்து மிதிக்கிற வேகத்துல இவர் காலைச் சும்மா சுத்திக்கிட்டே போகலாம்.

அப்படின்னா ரோட் ரேஸ்ல ஜெயிக்க வாட்ஸ் மட்டும் போதாது. கூட்டத்துக்குள்ள எங்க நிக்கணும், பக்கத்துல இருக்கிறவர் முழங்கை உரசினாலும் எப்படிப் பதறாம இருக்கணும், முன்சக்கரத்துக்கும் அடுத்தவர் பின்சக்கரத்துக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளியோட 50-ல எப்படித் திரும்பணும், காற்று பக்கவாட்டுல அடிக்கும்போது யார் பின்னால ஒளியணும், யார் ஓடும்போது துரத்தணும், யாரை விட்டுடணும்... இதெல்லாம் எந்த ஆப்லயும் வராது. ஹாஸ்டல் ரூம்ல ட்ரெயினர் போட்டு மிதிச்சாலும் வராது. நூறு பேர் இருக்கிற கூட்டத்துல நூறு தடவை ஓட்டினாத்தான் வரும். நீச்சலைக் கரையில நின்னு கத்துக்க முடியாதுன்னு சொல்வாங்க இல்லையா, இங்க குளத்துல தண்ணியே கிடையாது.

ஐரோப்பாவுல ஒரு ப்ரோ ரைடர் ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை சாதாரணமா 60 முதல் 80 நாள் ரேஸ் ஓட்டுவார். அந்த நிலைக்கு வர்றதுக்கு முன்னாடி, பள்ளிக்கூட வயசுலயே வாரா வாரம் ஊர் ரேஸ் ஓட்டி வந்திருப்பார். தேசிய சாம்பியன் ஆன பிறகும் ஆஸ்திரேலியா போக வேண்டி வந்ததுக்குக் காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். தனியா மிதிக்க இங்க ரோடு இருந்துச்சு. கூட மிதிக்க ஆள் போதுமான அளவு இல்ல.

ஹீரோ வேலை இல்லை, வேலை

ப்ரோ சைக்கிளிஸ்ட்னதும் கையைத் தூக்கிக்கிட்டு கோட்டைத் தாண்டுற ஒருத்தரைத்தான் நாம கற்பனை பண்றோம். நிஜம் வேற. டூர் டி பிரான்ஸ்ல கிட்டத்தட்ட 180 பேர் கிளம்புறாங்க. மொத்தம் 21 ஸ்டேஜ். ஒரு அணியில 8 பேர். அதுல பெரும்பாலானவங்க தன் கேப்டனுக்குக் காற்றை மறைக்கிறது, பின்னால வர்ற கார்ல இருந்து ஜெர்ஸிக்குள்ள தண்ணி பாட்டிலைத் திணிச்சுக்கிட்டு வந்து எல்லாருக்கும் கொடுக்கிறது, கேப்டனோட சைக்கிள் பஞ்சரானா தன் சக்கரத்தைக் கழட்டிக் கொடுக்கிறதுன்னு வேலை பார்க்கிறவங்க. பிரெஞ்சுல இவங்களுக்கு 'டொமஸ்தீக்'னு பேர். வேலைக்காரர்னு அர்த்தம். வாழ்நாள்ல ஒரு ரேஸ்கூட ஜெயிக்காம பத்து வருஷம் மரியாதையா சம்பளம் வாங்கி ரிட்டயர் ஆனவங்க நிறைய பேர்.

இந்தத் தொழில்லயும் படிக்கட்டு இருக்கு. உலக சைக்கிளிங் அமைப்பான யு.சி.ஐ. அணிகளை மூணு தட்டாப் பிரிச்சிருக்கு. மேல வேர்ல்ட் டீம், அடுத்து ப்ரோ டீம், கீழ கான்டினென்டல். மேல் ரெண்டு தட்டுக்கும் குறைந்தபட்ச சம்பளம்னு விதி உண்டு. கான்டினென்டல் அணிக்கு யு.சி.ஐ. அப்படி எதையும் கட்டாயமாக்கவில்லை. நம்ம பாஷையில சொன்னா, ஸ்டைபண்ட் இல்லாத இன்டர்ன்ஷிப் மாதிரி.

இந்தியாவுக்குள்ள சைக்கிள் ரேஸரா வாழணும்னா பெரும்பாலும் ரயில்வே, ராணுவம் மாதிரி இடத்துல வேலை வாங்கி அந்த அணிக்கு ஓட்டணும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுல மாசா மாசம் சம்பளம் வர்றது சின்ன விஷயம் இல்ல. ஆனா வேலை கிடைக்கிறதே கடைசி ஸ்டேஷனா போயிடுது. அதுக்கு அப்பால ரயில் இல்ல. இதுவரைக்கும் ஒரு இந்தியர்கூட டூர் டி பிரான்ஸ் ஓட்டினதில்லை.

இவ்வளவுக்கும் நம்ம நாடு சைக்கிள் தெரியாத நாடா? சீனாவுக்கு அடுத்து உலகத்துல அதிக சைக்கிள் தயாரிக்கிறது இந்தியா. சென்னை அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பிச்சது 1949-ல். அதுக்கு முந்தின வருஷம் லண்டன் ஒலிம்பிக்ல இந்திய சைக்கிள் அணி இருந்துச்சு. 1964 டோக்கியோவுக்குப் பிறகு ஒலிம்பிக் சைக்கிளிங்ல நாம இல்ல. சைக்கிள் செய்யறதுல வளர்ந்தோம், ரேஸ் ஓட்டுறதுல காணாமப் போயிட்டோம்.

நமக்குப் பிடிச்சது தனி ஆள் சாகசம்

நம்ம அப்பா அம்மா காலத்துல கிராமத்து மைதானத்துல 'சைக்கிள் சுத்துறவர்' வருவார். ராத்திரி பகலா, நாள் கணக்கா சைக்கிள்ல இருந்து காலைக் கீழ வைக்காம ஒரே வட்டமா சுத்துவார். சைக்கிள்லயே சாப்பாடு, சைக்கிள்லயே குளியல். ஊரே கூடி நின்னு பார்க்கும், சட்டையில ரூபா நோட்டைக் குத்திவிடும். பல வீடுகள்ல இன்னும் இந்தக் கதையை ஆசையா சொல்வாங்க.

இன்னைக்கு அதோட புது வடிவம், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் தனியா சைக்கிள்ல போறது. ஊர் எல்லையில மாலை, சால்வை, ரீல்ஸ். நான் இதைக் கிண்டல் பண்ணல. அந்த உழைப்பு நிஜம். ஆனா ரெண்டுலயும் ஒரு ஒற்றுமை இருக்கு. ஓட்டுறது ஒருத்தர், மீதிப் பேர் எல்லாம் கை தட்டுறவங்க. பக்கத்துல இன்னொருத்தர் ஓட்டுறதே இல்ல. ஸ்லோ சைக்கிள் ரேஸும் அப்படித்தான், அவனவன் கோட்டுக்குள்ள அவனவன் பேலன்ஸ்.

ரேஸ்ங்கிறது இந்த மனநிலைக்கு நேர் எதிர். அதுக்கு முதல்ல தேவை தோற்கிறதுக்குத் தயாரா தொண்ணூத்தொன்பது பேர். அவங்க இல்லாம நூறாவது ஆள் ஜெயிக்க முடியாது. நாம ஜெயிக்கிறவனைத் தேடிக்கிட்டே இருக்கோம், தோற்கிறவங்களுக்கு ஒரு ரேஸ் வைக்க மறந்துட்டோம்.

ஆப்பிரிக்காவுல எரித்ரியான்னு ஒரு நாடு. நம்ம தமிழ்நாட்டு மக்கள் தொகையில பத்துல ஒரு பங்குகூட இல்லாத, ரொம்ப ஏழையான நாடு. இத்தாலிக்காரங்க ஆண்ட காலத்துல கொண்டுவந்த சைக்கிள் ரேஸை அந்த மக்கள் தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க. 1946-லேயே அங்க நாடு சுத்தும் ரேஸ் நடந்திருக்கு. தலைநகர் அஸ்மரா தெருக்கள்ல ஞாயித்துக்கிழமை ரேஸ்னா குடும்பத்தோட வந்து நின்னு பார்ப்பாங்க. அந்தக் கூட்டத்துல இருந்துதான் டேனியல் டெக்லெஹைமானோட், மெர்ஹாவி குடுஸ் ரெண்டு பேரும் 2015 டூர் டி பிரான்ஸ் போனாங்க. அவங்களுக்கு அப்புறம் வந்தவர் பினியம் கிர்மாய். ஸ்விட்சர்லாந்தின் எய்கிள் ஊரில் இருக்கிற யு.சி.ஐ. பயிற்சி மையத்துல சேர்ந்து, பிறகு ஐரோப்பிய அணிகளுக்குப் போனார். 2022 மார்ச்ல பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்கெம் ரேஸை ஜெயிச்சார். 2024 டூர் டி பிரான்ஸ்ல மூணு ஸ்டேஜும் பச்சை ஜெர்ஸியும் வாங்கினார். கென்ட்–வெவெல்கெம் ஜெயிச்சப்போ அவருக்கு வயசு 21. எனக்கும் இப்போ அதே வயசுதான், ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு ஸ்லைடு பண்ணிக்கிட்டு இருக்கேன்.

கிர்மாய் அபாரமான திறமைசாலி. சந்தேகமே இல்ல. ஆனா அவருக்குப் பின்னால ஞாயித்துக்கிழமை தோறும் தோத்துக்கிட்டே இருந்த ஆயிரக்கணக்கான அஸ்மரா பசங்க இருக்காங்க.

நம்மாலயும் முடியும்ங்கிறதுக்கு ஆதாரம்

"அதெல்லாம் நம்ம உடம்புக்கு வராது"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு பதில் இருக்கு. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில உள்ளரங்க வெலோட்ரோம் கட்டினாங்க. சைக்கிள் ஓட்டவே சாய்வா கட்டின வட்டப் பாதை. அதை மையமா வெச்சு தேசிய அகாடமி வந்துச்சு. அந்தமான், மணிப்பூர் பக்கத்துல இருந்தெல்லாம் சின்ன வயசுப் பசங்களைத் தேர்ந்தெடுத்து ஒண்ணா தங்க வெச்சு, ஒண்ணா ஓட்ட வெச்சாங்க. பத்து வருஷம்கூட ஆகல. 2018-ல அந்தமானைச் சேர்ந்த எசோ ஆல்பென் ஜூனியர் உலக ட்ராக் சாம்பியன்ஷிப்ல வெள்ளி. 2019-ல் எசோ, ரொனால்டோ சிங், ரோஜித் சிங் இருந்த இந்திய அணிக்கு ஜூனியர் டீம் ஸ்பிரின்ட்ல உலகத் தங்கம். 2022 ஆசிய சாம்பியன்ஷிப்ல ரொனால்டோவுக்கு ஸ்பிரின்ட் வெள்ளி.

உடம்பு அதே இந்திய உடம்பு. மாறினது ஒண்ணே ஒண்ணு. தினமும் கூட ஓட்ட ஆள் இருந்துச்சு, இடம் இருந்துச்சு. ட்ராக்குக்கு ஒரு கட்டடம் போதும். ரோட் ரேஸுக்குக் கட்டடம் வேணாம், ஆனா காலண்டர் வேணும். அதனாலதான் 2026 ஜனவரியில் யு.சி.ஐ. காலண்டர்ல இடம்பிடிச்சு நடந்த புனே கிராண்ட் டூரை நான் பெருசா பார்க்கிறேன். ஆனா உச்சியில ஒரு ரேஸ் இருந்து, அடியில ஒண்ணுமே இல்லாட்டி, அதுல ஓட்டப் போறது வெளிநாட்டுக்காரங்கதான். நாம ரோட்டோரம் நின்னு கை தட்டலாம். அதான் நமக்குப் பழக்கமாச்சே.

சரி, என்ன பண்ணலாம்?

நவீன் ஜான் படிச்ச அதே இண்டியானா மாநிலத்துல, ப்ளூமிங்டன் ஊர்ல இண்டியானா பல்கலைக்கழகம் இருக்கு. அங்க 1951-லிருந்து 'லிட்டில் 500'னு ஒரு மாணவர் சைக்கிள் ரேஸ் நடக்குது. ஒரு அணிக்கு நாலு பேர். கால் மைல் சுற்று, மொத்தம் 200 சுற்று. ஒருத்தர் களைச்சதும் அடுத்தவர்கிட்ட சைக்கிளை மாத்திக்கணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி, கியர் இல்லாத சைக்கிள். பணக்காரப் பையனுக்குத் தனி சைக்கிள் கிடையாது. ஆரம்பிச்சதோட நோக்கமே, வேலை பார்த்துக்கிட்டே படிக்கிற மாணவர்களுக்கு நிதி திரட்டுறது. 1988-லிருந்து பெண்களுக்கும் தனி ரேஸ்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி, கியர் இல்லாத சைக்கிள். இதைப் படிச்சதும் உங்களுக்கு எது ஞாபகம் வருது? நம்ம அரசு, பிளஸ் ஒன் படிக்கிறவங்களுக்குக் கொடுக்கிற விலையில்லா சைக்கிள்! உலகத்துல எந்த யூனிவர்சிட்டிக்கும் இல்லாத வசதி நமக்கு இருக்கு. இந்த மாவட்டத்துல எந்தத் தெருவுக்குப் போனாலும் அதுல ரெண்டு நிக்குது. நம்ம காலேஜ்லயே கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்து வந்த ஃப்ரெண்ட்ஸ் வீட்டுல எத்தனை தூங்குதுன்னு கேட்டுப் பாருங்க. நான் இங்கிலீஷ் மீடியம் பிரைவேட் ஸ்கூல் பையன், வேன்ல போய் வந்தவன். என் க்ளாஸ்லயே சிலர் ஸ்கூலுக்குத் தினமும் பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் எதிர்காத்துல மிதிச்சிருக்காங்க. அவங்க காலுக்கு இருக்கிற பயிற்சி எந்த ஜிம்லயும் கிடைக்காது. ஆனா பன்னிரண்டாவது முடிஞ்சதும் அந்தக் கால் பைக் ஸ்டாண்டுல நின்னுடுது.

அதனால என் யோசனை இது. டிபார்ட்மென்டுக்கு ஒரு ஆண்கள் அணி, ஒரு பெண்கள் அணி. நாலு நாலு பேர். எல்லாரும் விலையில்லா சைக்கிள்தான். கேம்பஸுக்குள்ள வண்டி வராம மூடின சுற்றுப் பாதை. பிரேக், செயின், டயர் செக் பண்றது மெக்கானிக்கல் பசங்க வேலை. சுற்று எண்ண ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. செட்டப்பை ஈ.சி.ஈ. மினி ப்ராஜெக்டாவே செய்யலாம். திருப்பத்துக்குத் திருப்பம் என்.எஸ்.எஸ். வாலன்டியர். ஹெல்மெட் இல்லாம ஒருத்தரும் ஏறக் கூடாது. ஆம்புலன்ஸ் நிக்காம ரேஸ் ஆரம்பிக்கக் கூடாது. முக்கியமா, வருஷத்துக்கு ஒரு தடவைன்னு ஸ்போர்ட்ஸ் டேயோட முடிக்காம, மாசத்துக்கு ஒண்ணு. பக்கத்துக் காலேஜ்களையும் கூப்பிடணும். கூடவே பிளஸ் ஒன், பிளஸ் டூ தம்பி தங்கைகளுக்கு ஒரு ஜூனியர் ரேஸ். உண்மையைச் சொன்னா முழு விஷயமும் அவங்களுக்காகத்தான். 21 வயசுல ஆரம்பிக்கிற எனக்கு இது நல்ல உடற்பயிற்சி. 16 வயசுல ஆரம்பிக்கிற ஒரு பொண்ணுக்கு இது ஒரு தொழிலோட முதல் படியா இருக்கலாம்.

வரப்போற கேள்விகள் எனக்குத் தெரியும்.

"கிரிவலப் பாதையிலயே வெச்சிடலாமே மச்சி, மாஸா இருக்கும்." வேணாம். அந்த ரோட்டுல பௌர்ணமி மட்டுமில்ல, தினமும் விடியற்காலையில வயசானவங்க வெறுங்காலோட நடக்கிறாங்க. அது அவங்க பாதை. அங்கிருந்து நாம எடுத்துக்க வேண்டியது வேற. லட்சக்கணக்கான பேர் நடக்க, மாசா மாசம் வண்டிகளைத் திருப்பிவிட்டு, தண்ணி, மருத்துவ முகாம், போலீஸ்னு எல்லாம் ஏற்பாடு பண்ணத் தெரிஞ்ச ஊர் இது. அந்த அனுபவத்துல ஒரு துளி போதும், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் ஒரு ரோட்டை மூட. கேம்பஸ் ரேஸ் நிலைச்சு நின்னா, பிறகு போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறுற ஜவ்வாது மலைப் பாதையைப் பத்திக் கனவு காணலாம்.

"பொண்ணுங்க வருவாங்களா?" 1990-களின் தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கத்தோட சேர்த்து சைக்கிளையும் கத்துக்கொடுத்தாங்க. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், பாவாடை தாவணியிலயும் புடவையிலயும், கிண்டலையெல்லாம் தாண்டி ஓட்டிக் காட்டினாங்க. ஒருத்தர் மட்டும் ஓட்டியிருந்தா ஊர் வாய் அவங்களை நிறுத்தியிருக்கும். கூட்டமா ஓட்டினதால ஊர் வாயை மூடிக்கிச்சு. முப்பது வருஷத்துக்கு முன்னாடியே அவங்க செஞ்சதை, ஆன்ட்ராய்டு போனோட இருக்கிற நாம முடியாதுன்னு சொல்லக் கூடாது.

"இதனால பிளேஸ்மென்ட்டுக்கு என்ன யூஸ்?" பெரும்பாலானவங்களுக்கு நேரடியா ஒண்ணும் இல்ல. இங்க இருந்து ஒரு டூர் டி பிரான்ஸ் வீரர் வருவார்னு நான் விக்க வரல. ஆனா அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகள்ல சைக்கிளிங் இருக்கு. ரயில்வே அணி இருக்கு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு தமிழ்நாட்டுலயே நடந்தது, மேலக்கோட்டையூர்ல ட்ராக் இருக்கு. கதவுகள் மேல இருக்கு. அதுவரைக்கும் ஏற நம்ம பக்கத்துல படிதான் இல்ல. கிரிக்கெட்டுக்கும் வாலிபாலுக்கும் ஊருக்கு ஊர் டோர்னமென்ட் நடத்துறப்போ யாரும் பிளேஸ்மென்ட்டைக் கேட்கிறதில்லையே?

"செலவு?" சைக்கிள் ஏற்கனவே மக்கள் வரிப்பணத்துல வாங்கி வீட்டு வாசல்ல நிக்குது. சிம்போசியத்துக்கு வர்ற டி.ஜே.வோட பில்லைவிட இதுக்குக் கம்மியாத்தான் ஆகும்.

நாங்க இன்னும் சில மாசத்துல டி.சி. வாங்கிக்கிட்டுக் கிளம்பிடுவோம். அதனால இதைத் தேர்ட் இயர், செகண்ட் இயர் கைக்குத்தான் கொடுக்க முடியும். பிசிகல் டைரக்டர் சார்கிட்ட கொடுக்க ஒரு பக்க லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். அதுல மூணு கோரிக்கை: அடுத்த ஸ்போர்ட்ஸ் டேயில ஸ்லோ சைக்கிள் ரேஸோட சேர்த்து ஒரு வேகமான சைக்கிள் ரேஸ், மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கேம்பஸ் ரோடு காலை 6-லிருந்து 8 வரை, பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒரு அழைப்பு. கையெழுத்துப் போட விருப்பமுள்ளவங்க டிபார்ட்மென்ட் ரெப்கிட்ட பேர் கொடுங்க. வீட்டுல விலையில்லா சைக்கிள் இருக்கிறவங்க, தயவுசெஞ்சு இந்த வாரமே அதுக்குக் காத்து அடிச்சு வைங்க.